கலியமூர்த்தி வித்து

பொறாமை இல்லாமல் எழுதச் சொன்னால் இந்தக் கட்டுரை எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலியமூர்த்தி மேல் எனக்கு அன்றும் பொறாமைதான், இன்றும் பொறாமைதான்.

நான் வேலை பார்த்த காளான் நிலையத்தில் இப்போது பொறுப்பில் இருக்கும் பெண் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காளான் மொட்டு விடும்போது எந்த ஜீன் எப்போது விழிக்கிறது, எது தூங்கப் போகிறது என்பதை இப்போது மெஷினில் போட்டுப் பார்த்துவிடலாமாம். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு படம் காட்டினார். கோலப்புள்ளி நோட்டு மாதிரி இருந்தது. "இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படி சார் கண்டுபுடிச்சீங்க? எழுதிக் குடுங்க, எங்க பசங்க படிப்பாங்க" என்றார். ஒரு சோம்பேறியால் கண்டுபிடித்தோம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஊர் ரெட்டிபாளையம் பக்கம். கூடப் பிறந்தவர்கள் சிமெண்ட் ஆலைக்குப் போனார்கள். எனக்குத் தூசி ஆகாது, மூச்சு இழுக்கும். விதைப் பண்ணையில் உதவியாளனாகச் சேர்ந்து, நெல்லும் கடலையும் முளைக்க வைத்துக் கொண்டிருந்தவனை 1995இல் பெரம்பலூர் பக்கம் புதிதாகத் தொடங்கிய காளான் நிலையத்துக்கு மாற்றினார்கள். அதே வாரம் ஆண்டிமடத்திலிருந்து கலியமூர்த்தி வந்து சேர்ந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஒரே சம்பளம், ஒரே மேஜை. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையைக் கழுவு, பேசாதே, கிருமி அண்டாமல் எரிகிற ஸ்பிரிட் விளக்கை விட்டு நகராதே. இதையே ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் கற்றுக்கொண்டதும் அதுதான். அதற்குப் பிறகு அரியலூர் தனி மாவட்டம் ஆனது, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, மறுபடியும் பிரிந்தது. அதில் அதிகம் உழைத்தவர் எங்கள் பெயர்ப் பலகை எழுதுகிற பெயிண்டர்தான்.

காளான் வளர்க்க விவசாயிக்கு வித்து வேண்டும். நெல்லுக்கு விதை மாதிரி. அந்த வித்தைச் செய்வதுதான் எங்கள் வேலை. நல்ல காளானை இரண்டாகக் கிழித்து, நடுச் சதையில் அரிசி அளவு ஒரு துண்டை எடுத்து, உருளைக்கிழங்குச் சாறு உறைய வைத்த டெஸ்ட் டியூபில் வைப்போம். வெள்ளை வெள்ளையாக நூல் ஓடும். டியூப் நிறைந்ததும் அதிலிருந்து ஒரு துணுக்கை அடுத்த டியூபுக்கு மாற்றுவோம். அதிலிருந்து அடுத்ததற்கு. நூல் ஓடிய துண்டை, அரை வேக்காடு வெந்து சுண்ணாம்புத் தூள் கலந்த சோளத்தில் போட்டால் சோளம் முழுக்க நூல் பிடித்துக்கொள்ளும். அதுதான் வித்து. விவசாயி அதை வேக வைத்த வைக்கோலோடு பைகளில் அடுக்கிப் படுக்கை போடுவார். நூல் வைக்கோலைத் தின்று வெள்ளையாகும். பால் காளான் என்றால் படுக்கையின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு மண் போட வேண்டும். மண் விழுந்து, வெளிச்சமும் காற்றும் பட்டால் மொட்டு வரும். எங்கள் ஊர் வெயிலுக்குப் பால் காளான்தான் லாயக்கு.

எங்கள் அதிகாரி சாம்பசிவம் சார். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஏதாவது கெட்டுப் போனால் இரண்டு டீ சொல்வார். ஒன்று அவருக்கு, ஒன்று கெடுத்தவனுக்கு. "மொதல்லேருந்து சொல்லு" என்பார். நாம் சொல்லச் சொல்ல "அப்புறம்?" என்பார். குறுக்கே வேறு ஒரு கேள்வி கிடையாது. "அப்புறம்?" "அப்புறம்?" என்று அவர் கேட்டுக்கொண்டே போக, தப்பு நடந்த இடத்துக்கு நாமே நடந்து போய் நிற்போம். அவர் கையால் டீ வாங்கிக் குடிக்க நிலையத்தில் யாரும் ஆசைப்பட்டதில்லை.

அவர் எங்கள் இருவருக்கும் ஒரே பால் காளானிலிருந்து எடுத்த டியூபை ஆளுக்கு ஒன்று கொடுத்து, "அவங்கவங்க வரிசையை அவங்கவங்க காப்பாத்துங்க" என்றார். இன்னும் சில வருஷத்தில் தான் மாற்றலாகிப் போவேன் என்றும், போகும்போது கல்ச்சர் ரூம் சாவியை இரண்டு பேரில் ஒருவரிடம் கொடுப்பேன் என்றும் சொன்னார். கல்ச்சர் ரூம் என்றால் எல்லா வித்துக்கும் தாய் டியூப் இருக்கிற அறை. மாவட்டத்தில் யார் காளான் வளர்த்தாலும் அந்த அறையிலிருந்துதான் கிளம்பிப் போக வேண்டும். அந்தச் சாவி எனக்கு வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதற்கு நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தேதி தவறாமல் டியூப் மாற்றினேன். தீபாவளிக்கு மறுநாள்கூட வந்து மாற்றினேன். ஒவ்வொரு முறையும் எந்த மூலையில் நூல் அதிக வெள்ளையாக, பஞ்சு மாதிரிப் பொங்கி நிற்கிறதோ, எது மற்றதை முந்திக்கொண்டு ஓடுகிறதோ, அதிலிருந்துதான் துணுக்கு எடுப்பேன். சார் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். இரண்டு வருஷத்தில் என் வித்துப் பைகள் சலவைக்குப் போட்டு வந்த வேட்டி மாதிரி ஆகிவிட்டன. வெளியூரிலிருந்து யார் பார்க்க வந்தாலும் என் அலமாரிப் பக்கம்தான் போட்டோ எடுப்பார்கள். கலியமூர்த்தியின் டியூபைப் பார்க்கச் சகிக்காது. நூல் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, வேர் மாதிரி கயிறு கயிறாக ஓடும். கொஞ்சம் மஞ்சள்கூட இருக்கும். அவன் கவலைப்பட மாட்டான். நாலு மணி ஆனால் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்குப் போய்விடுவான்.

ஆனால் விவசாயிகள் வந்து ஜன்னலில் நின்று என்ன கேட்பார்கள் தெரியுமா? "கலியமூர்த்தி சார் வித்து இருக்குதுங்களா?"

என் கையில் அவ்வளவு வெள்ளையாகப் பையை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். "இதுவும் பால் காளான்தாங்க" என்பேன். "இல்லீங்க, அவரு கைராசிக்காரரு. அவரு வித்துன்னா மொட்டு பொலபொலன்னு வந்துடுது" என்பார்கள். கைராசி! எனக்கு உடம்பெல்லாம் எரியும். உழைப்பு குறைந்தால் கூட்டிக்கொள்ளலாம், படிப்பு குறைந்தால் படிக்கலாம். கைராசியை எந்தக் கடையில் போய் வாங்குவது? அவன் கையை நான் பல நாள் உற்றுப் பார்த்திருக்கிறேன். என் கையைப் போலத்தான் இருந்தது. நகம் வெட்டாத கை வேறு. என் வித்தில் மொட்டு கொஞ்சம் தாமதமாக வருகிறது, குறைவாக வருகிறது என்று காதில் விழுந்தபோதெல்லாம், கலியமூர்த்தி பஸ்ஸில் போகிறபோது வருகிறபோது தன் வித்துக்கு விளம்பரம் செய்கிறான் என்றே நினைத்தேன்.

சார் மாற்றலாகப் போகிற வருஷம் ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மகளிர் குழு காளானுக்குப் பெரிய குடில் போட்டது. தலைவி பெயர் அம்சவல்லி. குழுவில் எல்லாரும் முந்திரி உடைக்கிறவர்கள். முந்திரிக் கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவர்கள் கைத்தோல் கருகி உரிந்திருக்கும். அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தான் காளானுக்கு வந்தார்கள். முதல் தடவை கலியமூர்த்தி வித்தில் சின்னதாகப் போட்டுப் பார்த்து நன்றாக வந்தது. அடுத்து பெரிதாகப் போடும்போது அவன் வித்து கைவசம் இல்லை. வழக்கம்போல எதையோ காயவிட்டிருந்தான். நான் என்னுடையதைக் கொடுத்தேன். உள்ளூர எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லி முடியாது. இந்தக் குடில் பூத்துவிட்டால் சாவி எனக்குத்தான்.

பூக்கவில்லை. அம்சவல்லி போன் செய்ததும் நானே போய்ப் பார்த்தேன். குடில் முழுக்கப் படுக்கைகள் வெள்ளை வெளேரென்று இட்லித் தட்டு மாதிரி இருந்தன. மண்ணுக்கு மேலேயும் நூல் பொங்கி வந்திருந்தது. ஒரு மொட்டு கிடையாது. தண்ணீர் சரியாகத் தெளித்திருக்கிறார்கள், வெளிச்சம் இருக்கிறது, காற்று வருகிறது, சூடு சரியாக இருக்கிறது. குறை சொல்ல மிச்சம் இருந்தது மண் ஒன்றுதான்.

"மண்ணு சரியில்லீங்க. சுண்ணாம்பு ஜாஸ்தி" என்றேன்.

அம்சவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சார், இதே பள்ளத்து மண்ணுதான் போன தடவையும் போட்டோம். கலியமூர்த்தி சார் வித்து பூத்துச்சுல்ல? வித்துக்கு வித்து மண்ணு மாறுமா?"

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "வுடுக்கா, நாளைக்கு முந்திரி உடைக்கப் போயிடலாம். இதை நம்புனா வூட்ல அடுப்பு எரியாது" என்றாள். நான் பஸ் ஏறினேன்.

சாம்பசிவம் சார் டீ சொல்லவில்லை. முதலில் அந்தக் குடிலிலிருந்தே வைக்கோலும் மண்ணும் வரவழைத்தார். நிலையத்துக் குடிலில் ஒரு பக்கம் என் வித்தில் படுக்கை, மறு பக்கம் கலியமூர்த்தி வித்தில் படுக்கை. ஒரே வைக்கோல், ஒரே மண், ஒரே தண்ணீர். தண்ணீர் தெளிக்கிற வேலையை என்னிடமே கொடுத்தார். தினம் காலையில் கைத்தெளிப்பானோடு போவேன். என் பக்கத்தை முதலில் பார்ப்பேன். அப்புறம் கண் தானாக அந்தப் பக்கம் போகும். அவன் பக்கம் கொஞ்சம் குறைத்துத் தெளித்தால் என்ன என்று கை யோசிக்கும். யோசிக்கத்தான் செய்தது, குறைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போனபோது அவன் பக்கத்து மண்ணைப் பிளந்துகொண்டு ஊசித் தலை ஊசித் தலையாக மொட்டுகள் நின்றன. என் பக்கம் பஞ்சு மெத்தை. அந்த மொட்டுகளுக்கு நான்தான் அன்றும் தண்ணீர் தெளித்தேன். அவ்வளவு கோபத்தோடு யாரும் எந்தச் செடிக்கும் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு மூன்று டீ வந்தது.

"மொதல்லேருந்து சொல்லு" என்றார் சார் என்னிடம். சோளம் வேக வைத்ததிலிருந்து ஆரம்பித்தேன்.

"அது வேணாம். டியூப்லேருந்து சொல்லு."

டியூப் எப்படி மாற்றுவேன் என்று சொன்னேன். ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, விளக்குப் பக்கத்திலேயே திறந்து என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்புறம்?"

"நல்லா வெள்ளையா, பொங்கி இருக்கற எடத்துலேருந்து எடுப்பேன் சார்."

"அப்புறம்?"

"அடுத்த டியூப்லயும் அப்படியே. எது வேகமா ஓடுதோ அதுலேருந்து."

"காளான்லேருந்து மறுபடி எடுத்தியா?"

அவர் குறுக்கே கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. "எதுக்கு சார்? டியூப்தான் நல்லா இருக்கே. ஒரு தடவைகூடக் கெட்டதில்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சார் கலியமூர்த்தி பக்கம் திரும்பினார். அவன் டீயைத் தொடவே இல்லை. தன் வேலை போகப் போகிறது என்று நினைத்திருக்கிறான் பாவம். "நீ சொல்லுப்பா."

"சார், நான் வந்து... டியூபை ஒழுங்கா மாத்துறதில்லீங்க."

"அப்புறம்?"

"மறந்துடுவேன் சார். காஞ்சிடும். இல்லாட்டி பச்சைப் பூஞ்சை புடிச்சிடும். கேட்டா என்ன சொல்றதுன்னு, குடில்ல போயி நல்லா பூத்த காளானா ஒண்ணு பறிச்சாந்து புதுசா டியூப் போட்டுடுவேன்."

"எத்தினி தடவை?"

"அடிக்கடி நடக்கும் சார்" என்றான் தலையைக் குனிந்தபடி. "ரெண்டு தடவை டியூப் மாத்துறதே பெரிசு."

சாம்பசிவம் சார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அந்த நூல் இருக்கு பாரு, அதுக்குள்ள எல்லாமே இருக்கு. தண்டு செய்யற ஜீன், குடை செய்யற ஜீன், எல்லாம் இருக்கு. ஆனா மூடிக்கிட்டு இருக்கும். கல்யாண வூட்டுல சமையக்காரன், மேளக்காரன், ஐயரு எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. பெரியவங்க ஒருத்தர் 'ஆரம்பிங்க'ன்னு சொன்னாத்தானே ஒவ்வொண்ணா நடக்கும்? நூலுக்குள்ளயும் அப்படிப் பெரிய ஜீன் சிலது இருக்கு. தீனி குறையணும், மேல மண்ணு விழணும், வெளிச்சம் படணும், காத்து மாறணும். அப்பத்தான் அது தொறக்கும். அது தொறந்து மத்ததைத் தொறக்கும். அப்புறம்தான் மொட்டு."

"என் நூல்லயும் அது இருந்திச்சே சார்?"

"இருந்திச்சு. மொட்டு வுடணும்னா நூலு ஓடறதை நிறுத்திட்டு ஒண்ணாக் கூடி முடிச்சுப் போடணும். நீ ஒவ்வொரு தடவையும் எதைத் தேடி எடுத்தே? நிக்காம ஓடறதை. கூடாம பொங்கறதை. அந்த 'ஆரம்பிங்க' காதுல வுழாத நூலுதான் அப்படி ஓடும். அதுக்கு ஓடறதைத் தவிர வேற வேலை இல்லை பாரு. வருஷக்கணக்கா அதையே பொறுக்கிப் பொறுக்கி எடுத்து, ஓட மட்டும் தெரிஞ்ச நூலா ஆக்கிட்டே. இவன் சோம்பேறி. காயவிட்டு, பூத்த காளான்லேருந்தே எடுத்தான். பூக்கத் தெரிஞ்சது மட்டும்தான் இவன் டியூபுக்கு வந்துச்சு."

கடைசியில், "வெள்ளையா இருக்கறதா பாத்து எடுன்னு சொன்னதே நான்தான்" என்றும் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அதே பேச்சைக் கேட்டுத்தான் பயிற்சி எடுத்த கலியமூர்த்தி அதன்படி நடக்கவில்லையே.

அம்சவல்லி குழுவுக்குக் கலியமூர்த்தி வித்தில் புதுப் படுக்கைகள் போட்டோம். நிலையத்து வைக்கோலையே ஏற்றிக்கொண்டு போய், இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தப் பெண்களோடு சேர்ந்து அடுக்கினோம். மண்ணைப் பிளந்துகொண்டு மொட்டு வந்த அன்று அம்சவல்லி போன் செய்து, "வந்துடுச்சுங்க! கலியமூர்த்தி சார்கிட்ட சொல்லிடுங்க!" என்றார். போனை எடுத்தவன் நான். சொன்னேன். வேறு என்ன செய்வது?

சார் கிளம்புகிற அன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சாவி மேஜை மேல் இருந்தது. எனக்குக் கிடைக்காது என்று தெரிந்ததால் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சாவியை என் பக்கம் தள்ளினார்.

"கலியமூர்த்திகிட்டக் குடுத்தா எல்லாத்தையும் காயவிட்டுடுவான். உன்கிட்டக் குடுத்தா காயவிடாமலே கெடுப்பே. ஆனா நீ சொன்னதைக் கேப்பே. உன் டியூப் பூராவும் கொதிக்கவெச்சுக் கொட்டிடு. இவன் காளான்லேருந்து புதுசா எடு. மூணு தடவைக்கு மேல மாத்தாதே. பூத்த காளான்லேருந்து மறுபடி எடு. வெள்ளையா இருக்குன்னு எதையும் எடுக்காதே."

நான் ஓரக்கண்ணால் கலியமூர்த்தியைப் பார்த்தேன். முகம் கொஞ்சமாவது சுருங்கும் என்று பார்த்தேன். அவன் மணி பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை அந்த அறை என் கையில் இருந்தது. என் வரிசை டியூப்களை ஆட்டோகிளேவ் என்கிற பெரிய ஆவிக் குக்கரில் வைத்து, ஆறியதும் குழியில் கொட்டினேன். அத்தனையும் அவ்வளவு அழகான வெள்ளை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கலியமூர்த்தியின் காளான் ஒன்றைக் கிழித்து முதல் துண்டை எடுத்தேன். அதன் பிறகு ஒழுங்காகக் காளானிலிருந்து எடுத்தேன், ஒழுங்காகப் பூக்க வைத்துப் பார்த்தேன், மொட்டு விடாத எதையும் வெளியே அனுப்பவில்லை. சோளம் வேக வைத்தது நான், பை கட்டியது நான், வேர்வை என்னுடையது. ஜன்னலில் வந்து நின்றவர்கள் கேட்டது மட்டும் மாறவே இல்லை. "கலியமூர்த்தி வித்து இருக்குதுங்களா?" முதலில் 'சார்' இருந்தது, போகப் போக அதுவும் உதிர்ந்து, அது அந்த வித்துக்கே பெயராகிவிட்டது. அவன் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காத வருஷங்களில் அது அவன் பெயரில் லால்குடி வரைக்கும் போனது.

2007இல் எனக்கு விடை கொடுக்கும் கூட்டம் வைத்தார்கள். அம்சவல்லி குழுப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் கைகளைப் பார்த்தேன். கருப்பு போய்த் தோல் தெளிந்திருந்தது. எனக்கு உண்மையாகவே மனசு நிறைந்தது. அம்சவல்லி மாலையைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நாங்க இன்னிக்கு முந்திரி ஓட்டைத் தொடாம சோறு திங்கிறோம்னா அதுக்கு இந்த சார்தான் காரணம்" என்று ஆரம்பித்தார். என் தலை தானாக நிமிர்ந்தது. "இத்தினி வருஷமா கலியமூர்த்தி வித்தைக் கண்ணும் கருத்துமா கெடாம பாத்துக் குடுத்தாரு. அவரு நல்லா இருக்கணும்!"

கூட்டம் கைதட்டியது. முதலில் தட்டியவன், கடைசி வரை தட்டியவன், கலியமூர்த்தி.

வெளியே வேப்பமரத்தடியில் என் மாலையைப் பிரித்து ஒரு பூவை மோந்து பார்த்துக்கொண்டிருந்தவனிடம் கேட்டே விட்டேன். சாவி கைக்கு வந்த நாளிலிருந்து உள்ளே கிடந்த கேள்வி.

"ஏம்ப்பா, சாவியை எனக்குக் குடுத்தாரே. உனக்கு என் மேல ஒரு நாளாவது வயித்தெரிச்சல் வந்துச்சா?"

அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். எனக்கு அதிலேயே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"உன் மேலயா? நீ இருந்ததாலதான்யா எனக்குப் பாதி வேலை கொறைஞ்சுது. எரிச்சல்பட்டு அதையும் கெடுத்துக்கவா?"

சொல்லிவிட்டுப் பூவைக் காதில் செருகிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டான். இவ்வளவு லேசாக ஒரு மனுஷனுக்குப் பதில் வருகிறதே என்று, அதற்கும் சேர்த்து, எனக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது.